பனி பார்க்காத ஊரின் துருவக் கணக்கு

துருவங்களின் கதை – பகுதி 11

1981 டிசம்பர் 6-ஆம் தேதி கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வேக் கப்பலில் கிளம்பிய 21 பேர், 1982 ஜனவரி 9-ஆம் தேதி அண்டார்க்டிகாவில் கால் வைத்ததோடு சென்ற பகுதி நின்றது. எஸ்.இசட். காசிம் தலைமையில் போன குழு அது. முறைப்படி இந்த வாரம் நாமும் அவர்கள் பின்னால் பனியில் நடந்திருக்க வேண்டும். நடக்கப்போவதில்லை. கடலும் இல்லாத, பனியும் விழாத பெங்களூருக்குப் போகிறோம்; அதுவும் நாற்பது வருஷம் பின்னால், 1940-க்கு.

துருவ வரலாறு என்றாலே கப்பல், நாய்வண்டி, கொடி, உறைந்துபோன தாடி என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் துருவத்துக்கு என்ன ஆகிறது என்பது உலகத்துக்குத் தெரியவந்ததில் கப்பல்களைவிடப் பெரிய பங்கு வேறு இரண்டுக்கு உண்டு. ஒன்று, தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளக்கும் கருவி. இன்னொன்று, காகிதத்தில் போட்ட ஒரு கணக்கு. அந்தக் கருவியை இந்தியாவில் செய்ய வைத்தவர் அன்னா மணி. கணக்கைப் போட்டவர் வீரபத்ரன் ராமநாதன். இருவருமே ஆய்வு பழகிய இடம், பெங்களூரில் பழைய ஆட்கள் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகம். அன்னா மணி அங்கிருந்து வெளியேறியது 1945-இல். ராமநாதன் உள்ளே வந்தது அறுபதுகளின் பிற்பாதியில். அந்த நாளில் இருவருக்கும் துருவத்தைப் பற்றி எந்த யோசனையும் இருந்திருக்க முகாந்திரமில்லை.

அன்னா மணி 1918-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீருமேட்டில் பிறந்தவர். அப்பா சிவில் இன்ஜினியர். ஏலத்தோட்டம் உள்ள வசதியான குடும்பம். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு வந்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேண்டும் என்று கேட்டவர் என்று அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் முடித்து, 1940-இல் உதவித்தொகையோடு பெங்களூர் வந்து சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ராமனுக்கு அப்போது வைரப் பித்து. தோடு வேண்டாம் என்ற பெண்ணுக்கு ஐந்து வருஷம் வைரத்தோடுதான் வேலை.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதி முழுக்க வரப்போகும் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த அலைநீள ஒளியை விழுங்குகிறது, எதைத் திருப்பி உமிழ்கிறது என்று புகைப்படத் தகட்டில் பதிய வேண்டும். ஒரு நிறமாலை ஒழுங்காக விழ 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். இரவில் ஆய்வகத்திலேயே தங்கிவிடுவார். எந்தப் பொருள் எந்த ஒளியை விழுங்கும்? பெங்களூரில் வைரத்தை வைத்துக் கேட்ட இதே கேள்வியைத்தான் பின்னால் ஓசோனை வைத்தும் குளிர்சாதனப் பெட்டி வாயுவை வைத்தும் கேட்டார்கள். வானிலைக்காரர்கள் ஆகாயத்தைப் படிக்க வைத்திருக்கும் வழிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியின் வேறு வேறு வடிவங்கள்தாம்.

1945-இல் ஆய்வேட்டை முடித்து, அந்நாளில் பட்டம் தரும் அதிகாரம் பெற்றிருந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. ஹானர்ஸ் முடித்தவர் நேராக ஆராய்ச்சிக்கு வந்தது குற்றமாகிவிட்டது. ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனியாக எழுதியிருந்தவர் அவர். அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் வாங்கிய மற்ற ஏடுகளின் நடுவே, அவற்றைப் போலவே பைண்டு செய்யப்பட்டு நிற்கிறது. இதற்காக அவர் புலம்பியதாகத் தெரியவில்லை. அந்தப் பொறுமை எனக்கு வியப்பைவிட எரிச்சலையே தருகிறது, புலம்பியிருக்கலாம்.

அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். இயற்பியல் படிக்கத்தான் ஆசை. கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. 1948-இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தபோது, சாதாரண வெப்பமானிகூட வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் பொறுப்பில் இருந்த பட்டறையில் 121 ஆண்கள். நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, தரம் நிர்ணயித்து, இங்கேயே செய்ய வைத்தார். தப்பான அளவீடு எடுப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆங்கிலேயரும் இதே கவலையில் தூக்கம் கெட்டிருக்கிறார்.

1957-58-ஐ சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்று அறிவித்து, உலகம் முழுக்க ஒரே சமயத்தில் பூமியை அளக்கக் கிளம்பினார்கள். இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையை அமைத்தவர் அன்னா மணி. அதே ஆண்டுக்கென்று பிரிட்டிஷ்காரர்கள் அண்டார்க்டிகாவில் ஹாலி விரிகுடா என்ற இடத்தில் ஒரு நிலையத்தைத் திறந்தார்கள். அங்கே டாப்சன் கருவி ஒன்றை வைத்து, வருஷா வருஷம் ஓசோனை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்த நோட்டை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை.

டாப்சன் கருவி தரையில் நின்றபடி, சூரியனின் புற ஊதாக் கதிரில் எவ்வளவை ஓசோன் விழுங்கியிருக்கிறது என்று பார்த்து மொத்த அளவைச் சொல்லும். எந்த உயரத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கருவி மேலே போக வேண்டும். அதற்குத்தான் ஓசோன்சாண்ட். பலூனில் தொங்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே பொட்டாசியம் அயோடைடு கரைசல். வெளிக்காற்றை ஒரு பம்பு உறிஞ்சிக் கரைசலுக்குள் விடும். காற்றில் ஓசோன் இருந்தால் அயோடின் பிரியும், அதற்கேற்ற மின்னோட்டம் உண்டாகும், அந்த அளவு ரேடியோ வழியே தரைக்கு வந்து சேரும். பலூன் முப்பது கிலோமீட்டர் தாண்டி வெடிக்கும்வரை அளவுகள் வந்துகொண்டே இருக்கும். அறுபதுகளில் அன்னா மணியின் குழு இதை இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. புனே, டெல்லி, திருவனந்தபுரம் என்று பலூன்கள் பறந்தன. வெப்பமண்டல நாட்டில் ஓசோனை அளந்து என்ன ஆகப்போகிறது என்று அப்போது கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

அவரை இங்கே நிறுத்திவிட்டு இன்னொருவரிடம் போவோம்.

ராமநாதன் 1944-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அப்பா ஊர் ஊராகப் போய் டயர் விற்கும் வேலையில் இருந்தவர். பதினோரு வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அதுவரை தமிழில் படித்து வகுப்பில் முன்னால் நின்ற பையன், ஆங்கிலவழிப் பள்ளியில் ஒன்றும் புரியாமல் கடைசிக்குப் போனான். வாத்தியார் சொல்வது காதில் ஏறாததால் எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் வந்தது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெங்களூர் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கதை வீட்டுக்கு ஒன்று கிடைக்கும். எல்லாம் இப்படி நல்லபடி முடிவதில்லை, அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல், 1965-இல் பட்டம். பிறகு செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனத் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவருக்குக் கொடுத்த வேலையைக் கவனியுங்கள்: பெட்டிகளில் அடைக்கும் குளிரூட்டும் வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிந்துபோகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மெக்கானிக்குகள் ஃப்ரியான் என்று சொல்லும் குளோரோஃபுளோரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. அது எரியாது, நஞ்சில்லை, எதோடும் வினைபுரியாது. 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழு இதைக் கொண்டுவந்தபோது, அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் வீட்டுக்குள் கசிந்து ஆளைக் கொல்லும் பயம் தீர்ந்தது என்று மகிழ்ந்தார்கள். கசிந்தால் நஷ்டம் கம்பெனிக்கு மட்டுமே, காற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது அன்றைய கணக்கு.

ராமநாதனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பெங்களூருக்கே திரும்பி இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலை ஆய்வில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்தது இன்டர்ஃபெரோமீட்டர் ஒன்றைக் கட்டும் வேலை: ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் கோலத்தை வைத்து வெப்பநிலை மாற்றங்களை அளக்கும் கருவி. கட்டி முடித்தார். அந்தக் கைத்திறமையை நம்பியே 1970-இல் அமெரிக்காவில் ஸ்டோனி புரூக்கில் ராபர்ட் செஸ் என்பவரிடம் ஆராய்ச்சிக்குப் போனார். போய் இறங்கிய நேரத்தில் செஸ் தன் துறையையே மாற்றிக்கொண்டுவிட்டார். இனி வெள்ளி, செவ்வாய் கிரகங்களின் காற்று மண்டலம்தான் என்றார். பொறியியல்காரர் கிரகங்களின் வெப்பக் கணக்குக் கற்றுக்கொண்டது அப்படித்தான். அந்தக் காலத்து மேற்படிப்பில் பாதி, வழிகாட்டியின் மனமாற்றம்.

இதற்கிடையே ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் தானே செய்த நுண்கருவியோடு ‘ஷேக்கல்டன்’ கப்பலில் பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகாவரை போய்த் திரும்பினார். 1971-72 காலம். வழி நெடுக, மனித வாடையே இல்லாத தென்கடல் காற்றிலும் சி.எஃப்.சி. இருந்தது. கசிந்ததெல்லாம் எங்கும் போகவில்லை. காற்றிலேயே இருக்கிறது என்று அர்த்தம். 1974 ஜூனில் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ‘நேச்சர்’ இதழில் அடுத்த படியைச் சொன்னார்கள். கீழே எதோடும் வினைபுரியாத இந்த வாயு மெல்ல மேலே ஏறும். அடுக்கு வளிமண்டலத்தில் புற ஊதாக் கதிர் பட்டு உடையும். வெளிவரும் குளோரின் ஓசோனைத் தின்னும்.

அப்போது ராமநாதன் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்தார். மற்றவர்கள் ஓசோனைப் பற்றிக் கவலைப்பட, செகந்திராபாத்தில் அந்த வாயுவோடு மல்லுக்கட்டியவர் வேறு ஒன்றைக் கேட்டார். இது எந்த ஒளியை விழுங்கும்?

பூமி சூரியனிடம் வாங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி விண்வெளிக்கு அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடு அதில் 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. நீராவி வேறு பல பகுதிகளைப் பிடிக்கிறது. 8-லிருந்து 12 மைக்ரான்வரை உள்ள பகுதியை மட்டும் இரண்டுமே அதிகம் தொடுவதில்லை. வெப்பம் அந்த வழியே தாராளமாக வெளியேறும். விஞ்ஞானிகள் அதை ஜன்னல் என்பார்கள். சி.எஃப்.சி. மூலக்கூறு விழுங்கும் அலைநீளங்கள் சொல்லிவைத்தாற்போல் அந்த ஜன்னலுக்குள்ளேயே விழுகின்றன. கார்பன் டை ஆக்சைடு தன் பகுதியை ஏற்கெனவே ஏறக்குறைய அடைத்துவிட்டதால், அதில் இன்னும் ஒரு மூலக்கூறு சேர்ந்தால் விளைவு கொஞ்சம்தான். திறந்து கிடக்கும் இடத்தில் வந்து நிற்கும் சி.எஃப்.சி.யோ முழு பலத்தையும் காட்டும். கணக்கின் விடை: ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளின் வேலையைச் செய்யும். 1975 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் மூன்றே பக்கக் கட்டுரையாக, ராமநாதன் பெயர் மட்டும் போட்டு, வந்தது.

அதுவரை பூமி சூடாவது என்றால் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. அந்த எண்ணத்தை இந்த மூன்று பக்கம் உடைத்தது. 1980-இல் ரோலண்ட் மேடனும் ராமநாதனும் சேர்ந்து, வெப்பம் ஏறுவது 2000-ஆம் ஆண்டுவாக்கில் அளவீடுகளில் தெளிவாகத் தெரியும் என்று எழுதினார்கள். தெரிந்தது. 1985-இல் ராமநாதனும் மூன்று சகாக்களும், சி.எஃப்.சி., மீத்தேன் முதலிய சில்லறை வாயுக்கள் எல்லாம் சேர்ந்தால் வரும் பத்தாண்டுகளில் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகச் சூடேற்றும் என்று காட்டினார்கள்.

அந்த 1985-இல்தான் ஹாலி விரிகுடா நோட்டு வெளியே வந்தது. ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்லின். அக்டோபர் மாதச் சராசரி ஓசோன் பழைய வருஷங்களில் 300 டாப்சன் அலகை ஒட்டி இருந்தது; 1984-இல் 200-க்குக் கீழே. ஃபார்மன் முதலில் நம்பவில்லை. கருவி பழசு, அதுதான் பொய் சொல்கிறது என்று எண்ணி வேறு கருவி வரவழைத்தார். அதுவும் அதையே சொன்னது. வடக்கே இருந்த இன்னொரு பிரிட்டிஷ் நிலையத்தின் பதிவையும் ஒப்பிட்டார். தப்பாக அளந்து உலகத்தைக் கூட்டிவிடக் கூடாதே என்ற பயம். நாசாவின் செயற்கைக்கோளும் இதே தாழ்ந்த அளவுகளைப் பார்த்திருந்தது. இவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்று கணினி அவற்றைச் சந்தேகக் குறிபோட்டு ஒதுக்கி வைத்திருந்தது. மே 16-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்த பிறகு தேடி எடுத்துப் பார்த்தார்கள். ஓசோன் ஓட்டை கண்டம் அளவுக்கு விரிந்து கிடந்தது.

குளிர்சாதனப் பெட்டிகள் அத்தனையும் வடக்கே. ஓசோன் அழிந்தது ஆளில்லாத தெற்கே. இதற்கு விளக்கம் தந்தவர்களில் முக்கியமானவர் சூசன் சாலமன். 1986-இல் மெக்மர்டோ நிலையத்துக்கே குழுவோடு போய் அளந்தவர். தென்துருவக் குளிர்கால இரவில் காற்று ஒரு பெரிய சுழலாகி வெளிக்காற்றோடு கலக்காமல் தனித்துவிடுகிறது. உள்ளே வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும். அந்தக் குளிரில் மட்டுமே உண்டாகும் மேகங்களின் துகள்கள்மேல், அடங்கிக் கிடக்கும் குளோரின் சேர்மங்கள் உருமாறி வினைக்குத் தயாராக நிற்கும். செப்டம்பரில் சூரியன் எட்டிப் பார்த்ததும் குளோரின் விடுபட்டு, சில வாரங்களில் ஓசோன் காலி. வடதுருவத்தைச் சுற்றி மலைகளும் நிலங்களும் இருப்பதால் அங்கே சுழல் இவ்வளவு இறுகுவதில்லை. அதனால் சேதம் குறைவு.

இந்தியாவுக்கு அப்போது அண்டார்க்டிகாவில் தட்சிண் கங்கோத்ரி என்ற நிலையம் இருந்தது. 1983-84-இல் பனித்தட்டின்மேல் கட்டியது. பின்னால் பனியிலேயே புதைந்துபோய்க் கைவிடப்பட்டது. எண்பதுகளின் பிற்பாதியில் வானிலைத் துறையினர் அங்கிருந்து ஓசோன் பலூன்களை விட ஆரம்பித்தார்கள். 1989-இல் பாறை நிலத்தில் கட்டிய மைத்ரி நிலையத்தில் அந்த வேலை தொடர்ந்தது. பறந்தவை இந்தியாவில் செய்த ஓசோன்சாண்டுகள். எங்கள் நாட்டில் அளந்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு இருபது வருஷம் கழித்து விடை வந்தது: அக்டோபரில் 14 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டர்வரை ஓசோன் எப்படித் துடைத்துவிட்டாற்போல் ஆகிறது என்பதை நம் கருவியே காட்டியது. அன்னா மணி 1976-இல் ஓய்வு பெற்று பெங்களூருக்கே திரும்பியிருந்தார். ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சில வருஷம் வருகைப் பேராசிரியர். பிறகு காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகள் செய்ய ஒரு சிறிய பட்டறை. துருவத்துக்கு அவர் போனதே இல்லை.

ஓசோன் ஓட்டையும் புவி வெப்பமும் ஒன்று என்று நினைப்பவர்கள் இன்றும் ஏராளம். அது வேறு, இது வேறு என்று திருத்துவது அறிவியல் எழுத்தாளர்களின் வழக்கம். பள்ளிப் பாடத்துக்கு அந்தத் திருத்தம் போதும். ஆனால் 1975 கட்டுரையைப் படித்தவர்களுக்கு அந்தக் குழப்பம் அவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரியாது, ஏனென்றால் இரண்டையும் செய்யும் மூலக்கூறு ஒன்று. தென்துருவத்தில் அது ஓசோனை அழித்தது. ஓசோன் போனதால் மேல் வளிமண்டலம் குளிர்ந்து, அண்டார்க்டிகாவைச் சுற்றி வீசும் மேற்குக் காற்றுகள் கோடையில் துருவத்தை நோக்கி இறுகின. அங்கே எந்தப் பகுதி எவ்வளவு சூடாகிறது என்பதையே இது மாற்றியது. வடதுருவத்தில் அது ராமநாதன் சொன்ன வேலையைச் செய்தது. 2020-இல் லொரென்சோ பொல்வானி குழு ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வெளியிட்ட மாதிரிக் கணக்கின்படி, 1955-லிருந்து 2005வரை ஆர்க்டிக் சூடானதிலும் செப்டம்பர் கடற்பனி குறைந்ததிலும் ஏறத்தாழ பாதிக்கு ஓசோனை அழிக்கும் இந்த வாயுக்கள்தாம் காரணம். பெட்டியிலிருந்து கசிந்த வாயு ஒரு துருவத்தின் ஆகாயத்தையும் இன்னொரு துருவத்தின் பனியையும் தொட்டுவிட்டது.

ஓசோனைக் காக்க சி.எஃப்.சி. போன்ற வாயுக்களைக் குறைப்பதற்காக 1987-இல் வந்தது மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா உடனே கையெழுத்துப் போடவில்லை. கெடுத்தது நீங்கள், செலவு எங்களுக்கா என்பது நம் வாதம். 1990 ஜூனில் லண்டன் கூட்டத்தில் மேனகா காந்தி இதை விடாப்பிடியாகப் பேசினார். சீனாவும் சேர்ந்துகொண்டது. வளரும் நாடுகளுக்கான பொது நிதி அந்தக் கூட்டத்தில்தான் உருவானது. 1992-இல் இந்தியா ஒப்பந்தத்தில் இணைந்தது; 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, கெடுவுக்குப் பதினேழு மாதம் முன்பே, ஆஸ்துமா இன்ஹேலர் போன்ற விலக்குகள் தவிர சி.எஃப்.சி. தயாரிப்பை நிறுத்திவிட்டது. நம் நாட்டைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் எழுதும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. அண்டார்க்டிகாவின் ஓசோன் 2066வாக்கில் 1980-இன் அளவுக்குத் திரும்பும் என்பது ஐ.நா. நிபுணர்களின் மதிப்பீடு. ஒப்பந்தத்தால் பூமி சூடாகாமல் தப்பிய அளவு, கியோட்டோ ஒப்பந்தத்தின் முதல் கட்ட இலக்கைப் போல் ஐந்தாறு மடங்கு. பனியே இல்லாத முதல் ஆர்க்டிக் கோடைகூட இதனால் 15 வருஷம்வரை தள்ளிப்போகிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஓசோனுக்காகப் போட்ட கையெழுத்து இது. கடற்பனியை நினைத்து யாரும் போடவில்லை.

அடுத்து வந்த வாயுக்கள்தான் சிக்கல். சி.எஃப்.சி.க்குப் பதிலாக வந்த எச்.எஃப்.சி.யில் குளோரின் இல்லை, ஓசோனுக்கு ஆபத்தில்லை. ஆனால் அதே ஜன்னலில்தான் அதுவும் வந்து நிற்கிறது. ராமநாதனும் மொலினாவும் மற்றவர்களும் 2009 முதல் இதைக் குறைக்கச் சொல்லி எழுதிவந்தார்கள். 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் உடன்பாடு வந்தது. அதே 2016-இன் ஏப்ரலில் பெங்களூரின் வெப்பம் 39.2 டிகிரி தொட்டது. மின்விசிறியே வேண்டாத ஊர் என்று பெயர் வாங்கிய நகரத்தில், அபார்ட்மென்ட் சுவர்களில் ஏ.சி. பெட்டிகள் ஏறத் தொடங்கியிருந்த காலம் அது.

வீட்டு ஏ.சி. குளிரவில்லை என்று ஆள் கூப்பிட்டால், மெக்கானிக் வந்து தொட்டுப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: கேஸ் போயிருச்சு சார், ஃபில் பண்ணணும். போன கேஸ் எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. ஆர்-410ஏ என்று பெட்டியில் எழுதியிருந்தால், அதில் ஒரு கிலோ கசிவது இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை விடுவதற்குச் சமம். சுமார் 900 லிட்டர் பெட்ரோலை எரிப்பது போல. ஆர்-32 என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 என்றால் அது புரோப்பேன், கணக்கில் வராத அளவு. தீப்பிடிக்கும் என்பதால் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். மிச்சமிருக்கும் பழைய வாயுவை உறிஞ்சி உருளையில் பிடிக்கும் எந்திரம் உண்டு. தெருமுனை மெக்கானிக் அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. வால்வைத் திறந்து புஸ்ஸென்று வெளியே விடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்திரத்துக்குக் காசு யார் தருவார்கள், பிடித்த வாயுவை யார் வாங்கிக்கொள்வார்கள்?

கிகாலி அட்டவணைப்படி இந்தியா எச்.எஃப்.சி. பயன்பாட்டை 2032-இல் 10 சதவீதம், 2037-இல் 20, 2042-இல் 30, 2047-இல் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இது புதிதாகப் பயன்படுத்தும் வாயுவுக்கான கணக்கு. ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்ட பெட்டிகளுக்குள் இருக்கும் வாயு இந்த அட்டவணையில் இல்லை.

(அடுத்த பகுதி: இமயத்தின் பனியாறுகள் 2035-இல் காணாமல் போகும் என்ற தவறான ஆண்டு ஐ.நா. அறிக்கைக்குள் எப்படி நுழைந்தது. பெங்களூரிலிருந்து வரும் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் 466 பனியாறுகளை எண்ணியவர்கள் என்ன சொன்னார்கள்.)